குண்டுகள் நீராகும் என்று நம்பிய மலைநாடு

நாம் வாழும் ரிச்சர்ட்ஸ் டவுனில், மாலை வேளையில் பூங்காவுக்கு வரும் பிள்ளைகள் மாயவல்லமை படைத்த அண்ணன் தங்கையர் கொடுங்கோலரசை எதிர்க்கும் கதைகளைத் தம்முள் பேசி மகிழக் கேட்கிறோம். வெறுங்கற்பனை என்று அவற்றைத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. அத்தகைய அண்ணனும் தங்கையும் நம் நாட்டு மணிப்பூர் மலைகளில் மெய்யாகவே வாழ்ந்தனர்.

அண்ணன் ஜடோனாங், அவருக்கு ஒன்றுவிட்ட தங்கை, 1915-இல் பிறந்த கைடின்லியு. வீட்டு வரியும் சுமைதூக்கும் கட்டாய ஊழியமும் நாகர் குடிகளை வருத்திய காலம் அது. ஜடோனாங் நோய் தீர்ப்பவர். கனவில் கடவுளின் சொல்லைக் கேட்பவர் என்று மக்கள் போற்றினர். வெள்ளையர் ஆட்சி வீழும், வரி கொடாதீர் என்றார் அவர். வணிகர் சிலரைக் கொல்வித்தார் என்று குற்றஞ்சாட்டி, 1931 ஆகஸ்டு 29-இல் இம்பாலில் அரசு அவரைத் தூக்கிலிட்டது.

அத்துடன் எல்லாம் அடங்கும் என்றே ஆள்வோர் எண்ணியிருப்பர். பதின்மூன்றாம் அகவையிலேயே அண்ணனைப் பின்பற்றிய கைடின்லியு, பதினாறில் தலைமை ஏற்றார். அவர் தொட்ட நீருக்கு ஆற்றல் உண்டு, பகைவரின் துப்பாக்கிக் குண்டுகள் நீராகிவிடும் என மக்கள் நம்பினர். குண்டுகள் நீராகவில்லை. 1932 மார்ச்சில் ஹங்ரம் காவல்நிலையைத் தாக்கியோர் உயிரிழந்தனர். அந்த நம்பிக்கைக்கு அவர்கள் கொடுத்த விலையை நாம் மறைத்தல் ஆகாது. எனினும், மலைமக்கள் அப்பெண்ணைக் காட்டிக்கொடுக்க விரையவில்லை. துப்புக் கொடுக்கும் ஊருக்குப் பத்தாண்டு வரிவிலக்கு என்று அரசு அறிவிக்க நேர்ந்தது. கோப்புகளோடு காலங்கழிக்கும் நம்போன்றோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். வரியை எளிதில் விட்டுக்கொடுக்கும் அரசு ஏது?

1932 அக்டோபர் 17-இல் புலோமி என்னும் ஊரில் அவர் பிடிபட்டார். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1937-இல் ஷில்லாங் சிறையில் அவரைக் கண்ட நேரு, 'ராணி' என்று பெயர் சூட்டினார். விடுதலைக்காக இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர் ஆஸ்டர் சீமாட்டிக்கும் எழுதினார். அவரை விடுவித்தால் மீண்டும் கலகம் எழும் என்று இந்தியா மந்திரி மறுத்துவிட்டார். பீரங்கியும் படையும் உடைய பேரரசு, மங்கையொருத்தி வெளிவருவதற்கு அஞ்சியது! அவருடைய மாய ஆற்றலுக்கு இதனினும் வலிய சான்று யாம் அறியோம்.

1947-இல் சிறைக்கதவு திறந்தது. நம் ரிச்சர்ட்ஸ் டவுனை உள்ளிட்ட இராணுவ நிலையப் பகுதி, ஆங்கிலேய ரெசிடெண்டின் கையினின்று மைசூர் அரசுக்கு மீண்டதும் அவ்வாண்டில்தான். ஆனால் கைடின்லியு உடனே ஊர் திரும்பவில்லை. துவென்சாங் பகுதியில் தம் தம்பியுடன் தங்கியிருந்து, 1952-இல்தான் பிறந்த ஊர் சென்றார். அப்போது அவருக்கு அகவை முப்பத்தேழு.