கார் கொட்டகையில் எழுந்த வழக்கு

1975ஆம் ஆண்டு மார்ச் 5, புதன்கிழமை மாலை. கலிபோர்னியாவின் மென்லோ பார்க் நகரில், கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் வீட்டுக் கார் கொட்டகையில் ஏறத்தாழ 32 பேர் கூடினர். அவர்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது ஆல்டேர் 8800 என்னும் பெட்டி. இக்கூட்டமே பின்னர் ஹோம்புரூ கணினி மன்றம் எனப் பெயர் பெற்றது. ஆப்பிள் நிறுவனத்தின் தொட்டில் என்றே பலரும் இம்மன்றத்தை நினைவுகூர்வர். நாம் இங்குக் காண முனைவது, அறிவு எவருடைய உடைமை என்று அங்கே எழுந்த வழக்கினை.

1974இல் இன்டெல் நிறுவனம் 8080 என்ற நுண்செயலியை வெளியிட்டது. இத்தகைய சில்லுகளை அளவைக் கருவிகள், போக்குவரத்து விளக்குகள் போன்றவற்றுள் பொதிந்து வைக்கும் கட்டுப்பாட்டு உறுப்புகளாகவே தொழில்துறையினர் பெரிதும் கருதினர். அச்சில்லையே நடுவாகக் கொண்டு ஒரு கணினியைத் தனிமனிதன் வீட்டில் அமைத்துக்கொள்ளலாம் என்று காட்டியது ஆல்டேர். அதற்கு விசைப்பலகை இல்லை, திரை இல்லை, நினைவகம் 256 பைட்டுகள் மட்டுமே. முகப்பிலிருந்த பொத்தான்களை மேலும் கீழும் தள்ளித்தான் ஆணைகளை உள்ளிட வேண்டும்.

கூட்டத்திற்கு அழைத்தவருள் முதன்மையானவர் ஃபிரெட் மூர். 1959இல், கட்டாய இராணுவப் பயிற்சியை எதிர்த்துப் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் உண்ணாநோன்பு இருந்தவர். பணத்தை ஐயத்தோடு நோக்கியவர். கொடுப்பதும் பெறுவதுமே மன்றத்தின் உயிர் என்பது அவர் எண்ணம். பின்னாளில் கூட்டங்களை நெறிப்படுத்திய லீ ஃபெல்சன்ஸ்டைன் இவ்வெண்ணத்திற்கு ஒரு வடிவம் தந்தார். முதற்பகுதியில் ஒவ்வொருவரும் எழுந்து தம்மிடம் உள்ளது எது, தமக்கு வேண்டியது எது என்று அறிவிப்பர். அடுத்த பகுதியில் உரியவரைத் தேடிச் சென்று வரைபடங்களையும் உதிரிப் பாகங்களையும் பரிமாறிக்கொள்வர்.

1975 ஏப்ரலில் ஸ்டீவ் டாம்பியர் ஆல்டேரின் அருகே ஒரு வானொலிப் பெட்டியை வைத்தார். கணினியிலிருந்து கசியும் மின்காந்த அலைகள் வானொலியில் இரைச்சலாக ஒலிப்பதைக் கண்டறிந்திருந்த அவர், அவ்விரைச்சலையே சுரங்களாக்கி பீட்டில்ஸ் குழுவின் பாடலொன்றை இசைக்கச் செய்தார். பயன் யாது என்று கேட்கப்பட்ட பெட்டி பாடியதைக் கேட்டு அவையினர் ஆரவாரித்தனர்.

சில திங்களுக்குப் பின் வழக்கு எழுந்தது. பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேருக்காகப் பேசிக் மொழியின் மென்பொருளை எழுதியிருந்தனர். அது துளையிட்ட காகித நாடாவில் இருந்தது. பணம் செலுத்திய பலர் அதற்காகக் காத்திருந்த வேளையில், நாடா ஒன்று மன்றத்தினர் கைக்கு வந்தது, படியெடுக்கப்பட்டது. ஒன்றைப் பெறுபவர் அடுத்த கூட்டத்திற்கு இரண்டாகக் கொண்டுவர வேண்டும் என்பதே விதித்த விலை! 1976 பிப்ரவரி 3ஆம் நாளிட்ட திறந்த மடலில், இருபது வயதே நிரம்பிய கேட்ஸ் இதனைத் திருட்டு என்றார். ஆல்டேர் வைத்திருப்போரில் பத்து விழுக்காட்டினர்கூட பேசிக்கை விலை கொடுத்து வாங்கவில்லை என்றும், தம் உழைப்பிற்குக் கிட்டியது மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவு என்றும் கணக்குக் காட்டினார். எழுதுபவன் உண்ண வேண்டும் என்னும் அவ்வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

மறுதரப்பினர் வாதத்தோடு நிற்கவில்லை. டென்னிஸ் அலிசன் வகுத்தளித்த வரையறையைக் கொண்டு, மிகக் குறைந்த நினைவகத்தில் இயங்கும் டைனி பேசிக்கைப் பலர் எழுதி இலவசமாக வெளியிட்டனர். அவர்களுள் லி-சென் வாங், உரிமையையும் வலப்பக்கத்தையும் ஒருங்கே குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இடப்பக்கமாக மாற்றி, ‘காப்பிரைட்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘காப்பிலெஃப்ட்’ என்று 1976இலேயே பொறித்தார்.

மன்ற உறுப்பினரான ஸ்டீவ் வாஸ்னியாக் தம் கணினியின் வரைபடத்தை அங்கே இலவசமாகவே வழங்கினார். அதே கணினி 1976இல் ஆப்பிள் 1 என்ற பெயரில் 666.66 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. உறுப்பினர் பலரும் நிறுவனங்கள் தொடங்கினர். கொடையை நம்பிய மூரோ விரைவிலேயே விலகிச் சென்றார். 1986 டிசம்பரில் மன்றம் தன் கூட்டங்களை முடித்துக்கொண்டது.

ஆயின் மூர் தோற்றார் என்று நாம் எழுதிவிட முடியுமா? 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் உருவான ஆர்டுயினோ பலகையின் வரைபடம் எவரும் பார்த்துச் செய்துகொள்ளுமாறு வெளியிடப்பட்டது. பலகை விலைக்கும் விற்கப்பட்டது. கொட்டகையில் எதிரெதிரே நின்ற இரண்டு நியாயங்களும் ஒரு பலகையில் உடன் அமர்ந்திருப்பதை நாம் அதில் காண்கிறோம்.