பார்த்தவர்கள் சொல்லாத பனி

புல்நுனியில் நிற்கும் துளி, வானிலிருந்து உதிரும் வெண்துகள், பரப்பின்மேல் உறைந்து ஒட்டும் படலம் ஆகிய மூன்றையும் தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். சமவெளியில் வாழ்ந்த நமக்கு அதற்குமேல் பிரித்தறியும் தேவை எழவில்லை. குளிர்நாடுகளில் விமானம் செலுத்துவோருக்கோ அவ்வேறுபாடு உயிரோடு தொடர்புடையது.

இறக்கையின் மேற்பரப்பைத் தழுவி வழுவும் காற்றே விமானத்தைத் தாங்குகிறது. அப்பரப்பு உப்புத்தாளைப் போல் சொரசொரப்பானால் போதும். உயர்த்தும் விசை 30 விழுக்காடு வரை குறையலாம், இழுவிசை 40 விழுக்காடு வரை கூடலாம். ஆகவே மெல்லிய படலமும் ஆபத்தானதே. இது புதிய அறிவன்று. 1982 ஜனவரி 13 அன்று, இறக்கையில் பனியுடன் வாஷிங்டனில் புறப்பட்ட ஒரு விமானம் பாலத்தில் மோதி போடோமாக் ஆற்றில் வீழ்ந்து, 78 பேர் மாண்டிருந்தனர்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1989 மார்ச் 10 அன்று, கனடாவின் டிரைடன் என்னும் சிற்றூரில் அதே கதை திரும்ப நடந்தது. தண்டர் பே நகரிலிருந்து வின்னிபெக் செல்லும் ஏர் ஒன்டாரியோ 1363, எரிபொருள் நிரப்ப அங்கே நின்றது. என்ஜினை இயக்க உதவும் சிறு துணைப்பொறி அன்று பழுதாகியிருந்தது. டிரைடனில் மாற்றுக் கருவியும் இல்லை. இரண்டு என்ஜின்களையும் நிறுத்தினால் மீண்டும் இயக்க வழியில்லை. என்ஜின் ஓடும்போதோ பனி நீக்கும் திரவத்தைத் தெளிக்கக் கூடாது. இந்த இக்கட்டின் நடுவே பனி பெய்துகொண்டிருந்தது. தரையிறங்க வந்த ஒரு சிறு விமானத்துக்காக மேலும் காத்திருக்க நேர்ந்தது.

இறக்கையில் படிந்த வெண்மையைப் பலர் கண்டனர். பயணிகளுள் இருவர் பணியில் இல்லாத விமானிகள். விமானப் பணிப்பெண்ணும் கண்டார். ஒருவரும் விமானி அறைக்குச் சொல்லவில்லை. விமானிகளுக்குத் தெரியாமல் இராது என்ற நம்பிக்கையும், பிறர் தொழிலில் தலையிடலாகாது என்ற நாகரிகமும், சொன்னால் மதிக்கமாட்டார்கள் என்ற முன்னனுபவமும் வாயைக் கட்டின. விமானம் ஓடத் தொடங்கியதும் பனி பறந்துவிடவில்லை. பளபளக்கும் உறைபடலமாக இறக்கையோடு ஒட்டியது. ஓடுபாதை முடிந்து ஒரு கிலோமீட்டருக்குள் காட்டில் வீழ்ந்தது. 69 பேரில் 24 பேர் இறந்தனர். விமானிகள் இருவரும் அவர்களுள் அடக்கம்.

விமானியைக் குற்றவாளியாக்கி முடித்திருக்கலாம். இறந்தவர் மறுத்துப் பேசப்போவதில்லை. விசாரணை ஆணையத்தின் நீதிபதி விர்ஜில் மோஷன்ஸ்கி அந்த எளிய வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. பழுதான பொறியோடு விமானத்தை அனுப்பியது யார், பயிற்சியில் என்ன குறை, மேற்பார்வையிட வேண்டிய அரசுத்துறை என்ன செய்தது என அவர் கேட்டுக்கொண்டே சென்றார். 1992இல் வெளிவந்த இறுதி அறிக்கை 191 பரிந்துரைகளைக் கொண்டிருந்தது.

அதே 1992 மார்ச் 22 அன்று, அதே ஃபாக்கர் எஃப்-28 வகை விமானம் ஒன்று நியூயார்க்கின் லாகார்டியாவில் வீழ்ந்து 27 பேர் மாண்டனர். இருமுறை பனி நீக்கப்பட்ட விமானம் அது. ஆனால் அதன்பின் புறப்பாட்டுக்கு ஏறத்தாழ 35 நிமிடங்கள் காத்திருந்தது. திரவத்தின் காவலுக்கும் காலவரை உண்டு என்பதைத் துறை அங்கே கற்றது.

இன்று சில வகை விமானங்களின் இறக்கையைக் கையால் தொட்டே சோதிக்கிறார்கள். கண்ணாடி போன்ற உறைபடலம் கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. விமானப் பணியாளர்களுக்கோ, கண்டதைத் தயங்காமல் சொல்லப் பயிற்சி தரப்படுகிறது. நமக்கு இவற்றுள் இரண்டாவதே அரிய சீர்திருத்தமாகத் தோன்றுகிறது. டிரைடனில் பனியைக் கண்ட கண்கள் இருந்தன. கண்டவர் சொல்லைக் கேட்கும் வழக்கம்தான் இல்லாதிருந்தது.