மீன்கொத்திப் பாதை: சைக்கிளில் எர்ன் ஏரிகளைச் சுற்றி

உங்கள் சைக்கிள் டயரில் காற்று இருக்கிறதா? நம் கீழ்த்தளத்தில் நிற்கும் சைக்கிள்களில் பாதிக்கு இருக்காது. இருக்கட்டும். அந்தக் காற்றடைத்த டயர் எந்த ஊரில் புழக்கத்துக்கு வந்தது தெரியுமா? அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரில். அங்கே கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் தெருவில் தடதடவென்று அதிர்வதைக் குறைக்க, 1887-ல் ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றிப் பார்த்தார். 1888-ல் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டு வில்லி ஹியூம் என்ற பந்தய வீரர் அந்த டயரைப் பூட்டிக்கொண்டு பெல்ஃபாஸ்டில் போட்டிகளை வென்றதும், கெட்டி ரப்பர் டயரின் காலம் முடியத் தொடங்கியது. இதே யோசனைக்கு ராபர்ட் தாம்சன் என்பவர் 1840-களிலேயே காப்புரிமை பெற்றிருந்தது பின்னால் தெரியவந்து, டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. அம்பத்தூர் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு டன்லப் தொழிற்சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் காலாண்டின் வரலாற்றுப் பக்கத்துக்காக அந்தத் தீவுக்கே போவோம், சைக்கிளிலேயே. போகும் இடம் ஃபெர்மனா மாவட்டம். வடக்கு அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், எர்ன் ஆறு இரண்டு பெரிய ஏரிகளாக விரியும் பகுதி அது. ஏரிகளைச் சுற்றி ஒரு நாளோ ஒரு வாரமோ சைக்கிள் மிதித்தால் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு வரலாறு சாலையோரமாகவே வரிசையாக வரும். காரில் போனால் அதில் பாதி கண்ணில் படாது.

மேலே கீழே குழப்பம்

வரைபடத்தை எடுத்தவுடன் ஒரு குழப்பம் வரும். "மேல் எர்ன்" ஏரி வரைபடத்தில் கீழே இருக்கும். "கீழ் எர்ன்" மேலே இருக்கும். காரணம் எளிது. ஆறு தெற்கிலிருந்து வடமேற்காக ஓடுகிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அதுதான் மேல். இரண்டு ஏரிகளுக்கும் நடுவில், ஆற்றுத் தீவு ஒன்றில் என்னிஸ்கில்லன் ஊர் இருக்கிறது. ஆண்டில் பாதி நாள் ஏரி ஃபெர்மனாவுக்குள் இருக்கும், மீதி நாள் ஃபெர்மனா ஏரிக்குள் இருக்கும் என்று உள்ளூர்க்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

பனி ஆறுகள் விட்டுப்போன சிறு குன்றுகள் நிறைந்த நிலம் இது. கூடையில் முட்டைகளைக் கவிழ்த்து அடுக்கியது போலிருக்கும். பெரிய மலையேற்றம் இல்லை. ஆனால் ஏறுவதும் இறங்குவதும் ஓயாது. கியர் சைக்கிள் இல்லாமல் போகாதீர்கள்.

இரு முகக் கல்லும் வட்டக் கோபுரமும்

கீழ் எர்னின் வடகரையில் போவா தீவு. இரு முனையிலும் பாலம் இருப்பதால் சைக்கிளிலேயே தீவைக் கடக்கலாம். சாலையை விட்டுச் சற்று இறங்கினால் கால்ட்ரா என்ற பழைய இடுகாடு வரும். அங்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் சிற்பம். முன்னால் ஒரு முகம், பின்னால் ஒரு முகம். பெரிய கண்கள், குறுக்கே மடித்த கைகள். கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வம் என்று பலரும் கருதுகிறார்கள். சுற்றிலும் கிறிஸ்தவக் கல்லறைகள். பழையதை யாரும் பெயர்த்து எறியவில்லை. புதியது அதன் பக்கத்திலேயே வந்து படுத்துக்கொண்டது.

என்னிஸ்கில்லனிலிருந்து வடக்கே சில கிலோமீட்டரில் டெவெனிஷ் தீவு. இதற்குப் படகில்தான் போக வேண்டும். 6-ஆம் நூற்றாண்டில் புனித மொலாய்ஷ் நிறுவிய மடாலயம் இங்கே இருந்தது. 837-ல் வைக்கிங்குகள் சூறையாடினார்கள். 1157-ல் தீக்கிரையானது. மறுபடியும் கட்டினார்கள். இன்று நிற்கும் வட்டக் கோபுரம் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுமார் 25 மீட்டர் உயரம், அதாவது எட்டு மாடிக் கட்டடத்தின் அளவு. வாசல் தரையில் இல்லை, ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும்.

நிலம் கைமாறிய கதை

என்னிஸ்கில்லன் கோட்டையை 15-ஆம் நூற்றாண்டில் கட்டியவர்கள் மகுவயர் குலத்தார். ஃபெர்மனாவின் அரசர்களாக இருந்தவர்கள். இங்கிலாந்துடன் நடந்த நீண்ட போரில் தோற்றபின், 1607-ல் வட அயர்லாந்தின் தலைவர்கள் பலர் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். கப்பலை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் ஃபெர்மனாவின் கூகொனாக்ட் மகுவயர். அவர் திரும்பவில்லை, அடுத்த ஆண்டே ஜெனோவாவில் இறந்தார்.

தலைவர்கள் போன நிலத்தை இங்கிலாந்து அரசு பங்கு போட்டது. 1609 முதல் ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் புராட்டஸ்டன்ட் குடியேறிகளைக் கொண்டுவந்து நிலம் கொடுத்தது. ஒவ்வொருவரும் கோட்டை வீடும் மதிலும் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஏரியின் மேற்குக் கரையில் மிதித்தால் இந்த வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மொனேயாவில் 1618 வாக்கில் கட்டியதன் கோபுரங்கள் கீழே வட்டமாகவும் உச்சியில் சதுரமாகவும் இருக்கும். ஸ்காட்லாந்தில் கட்டும் முறை அது. குடிபெயர்ந்து வந்தவர்கள் தங்கள் ஊர் வீட்டையே இங்கேயும் கட்டிக்கொண்டார்கள்.

இன்னும் வடக்கே டலி கோட்டை. ஏரியைப் பார்த்தபடி, கூரை இல்லாமல் நிற்கிறது. 1641-ல் நிலமிழந்த ஐரிஷ் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, ரோரி மகுவயரின் படை இதைச் சூழ்ந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்ற வாக்குறுதியின் பேரில் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். மறுநாள் கிறிஸ்துமஸ். உரிமையாளர் குடும்பத்தை மட்டும் விட்டுவிட்டு எழுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதன்பின் அந்த வீட்டில் யாரும் குடியேறவில்லை. பிடுங்கப்பட்டவர்களுக்கும் பிடுங்கியவர்களின் வாரிசுகளுக்கும் இடையே இந்த இரண்டு நினைவுகளும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தன. பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாளிகை, பஞ்சம், பறக்கும் படகு

என்னிஸ்கில்லனை ஒட்டியே காசில் கூல் மாளிகை. பெல்மோர் பிரபுவுக்காக ஜேம்ஸ் வயட் வடிவமைத்தது; 1790-களில் கட்டி முடித்தார்கள். வெள்ளைக் கல்லை இங்கிலாந்தின் போர்ட்லாண்டிலிருந்து கப்பலில் ஏற்றி, பாலிஷானனில் இறக்கி, வண்டியில் ஏரிவரை இழுத்து, மறுபடி படகில் கொண்டுவந்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. 1841-ல் ஃபெர்மனாவின் மக்கள்தொகை சுமார் 1,56,000. 1851-ல் சுமார் 1,16,000. பத்தே ஆண்டில் நால்வரில் ஒருவர் இல்லை. இறந்தார்கள் அல்லது கப்பலேறினார்கள். கரையோர வயல்களில் கூரையில்லாத கல் குடிசைகளைப் பார்த்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கரையில் காசில் ஆர்ச்டேல். இன்று குடும்பங்கள் கூடாரமடிக்கும் பூங்கா. இரண்டாம் உலகப் போரில் இது பறக்கும் படகுகளின் தளம், ஏரியே ஓடுபாதை. ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பலை 1941 மே 26-ல் கண்டுபிடித்த கேட்டலைனா விமானம் இங்கிருந்துதான் கிளம்பியது. அப்போது தெற்கு அயர்லாந்து நடுநிலை நாடு. ஆனாலும் தன் நிலத்தின்மீது ஒரு குறுகிய வழியாகப் பிரிட்டிஷ் விமானங்கள் அட்லாண்டிக்குக்குப் பறக்க ரகசியமாக அனுமதித்தது. வானத்தில் எல்லை திறந்திருந்தது. தரையில்தான் சிக்கல்.

குண்டு வைத்த சாலைகள்

1921-ல் தீவு இரண்டாகப் பிரிந்தது. ஃபெர்மனாவில் கத்தோலிக்க மக்களே சற்று அதிகம் என்றாலும் அது பிரிட்டனோடு இருந்த வடக்கில் சேர்ந்தது. பழைய மாவட்ட எல்லைகளே நாட்டு எல்லையாகின. யாரோ எப்போதோ வயலுக்கும் ஓடைக்கும் நடுவே போட்ட கோடு, சந்தைக்குப் போகும் வழியையும் தேவாலயத்துக்குப் போகும் வழியையும் குறுக்கே வெட்டியது. சுமார் 500 கி.மீ. எல்லையில் இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள் கடந்தன. வண்டிகளோடு போக அனுமதி இருந்ததோ சிலவற்றில் மட்டும். 1957-ல் ரயிலும் நின்றது. இன்றுவரை ஃபெர்மனாவில் ரயில் இல்லை.

1970-களில் வன்முறை பெருகியதும், ஆயுதக்காரர்கள் கடப்பதைத் தடுக்கப் பிரிட்டிஷ் ராணுவம் சிறு சாலைகளை அடைத்தது. கான்கிரீட் கட்டைகளும் இரும்பு முட்களும் போட்டது. பல இடங்களில் வெடிவைத்துப் பள்ளம் பறித்தது. எதிர் வீட்டு வயலுக்குப் போக இருபது கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்றால் என்ன ஆகும்? நம் பின்பக்க கேட்டைப் பூட்டுவதா வேண்டாமா என்று பொதுக்குழுவில் எவ்வளவு நேரம் பேசினோம்! அங்கே அது இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. ஊர்க்காரர்கள் விடுமுறை நாளில் மண்வெட்டியும் டிராக்டருமாக வந்து பள்ளத்தை மூடுவார்கள். ராணுவம் மறுபடி தோண்டும். இவர்கள் மறுபடி மூடுவார்கள்.

வெடி வைத்தது ஒரு தரப்பு மட்டும் அல்ல. ஃபெர்மனாவையும் தெற்கே கேவன் மாவட்டத்தையும் இணைத்த அகலேன் பாலத்தை 1972-ல் பிரிட்டன் ஆதரவு ஆயுதக் குழு தகர்த்தது. ஆற்றுக்கு அப்பால் இருந்த பெல்டர்பெட் ஊர், வடக்கிலிருந்து வந்த வாடிக்கையாளர்களை ஒரே நாளில் இழந்தது. என்னிஸ்கில்லனில் 1987 நவம்பர் 8 அன்று, போரில் இறந்தவர்களின் நினைவு நாள் கூட்டத்தில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு 11 பேரைக் கொன்றது. அதில் ஒருவர் மேரி வில்சன், 20 வயது செவிலியர். இடிபாடுகளுக்கு அடியில் மகளின் கையைப் பிடித்தபடி கிடந்தவர் அவருடைய தந்தை கார்டன் வில்சன், அந்த ஊர்த் துணிக்கடைக்காரர். கொன்றவர்கள்மீது தனக்குப் பகையில்லை என்று அன்று மாலையே வானொலிப் பேட்டியில் சொன்னார். பிற்பாடு தெற்கு அயர்லாந்தின் மேலவை உறுப்பினராகி, சமாதானத்துக்காக உழைத்தார்.

முதலில் திறந்தது சாலை அல்ல, தண்ணீர். 1860-ல் கட்டி முடித்து, படகுகளே வராமல் தூர்ந்து கிடந்த ஒரு கால்வாயை இரு அரசுகளும் சேர்ந்து புதுப்பித்து, 1994-ல் ஷானன்–எர்ன் நீர்வழியாகத் திறந்தன: 63 கி.மீ., 16 மதகுகள். அதே ஆண்டு போர்நிறுத்தம் வந்தது. அடைத்த சாலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1998-ல் புனித வெள்ளி ஒப்பந்தம். 1999-ல் அகலேனில் புதிய பாலம். ஒப்பந்தப் பேச்சுகளுக்குத் தலைமை தாங்கிய அமெரிக்கர் ஜார்ஜ் மிட்செலின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

அந்த ஆண்டுகளில்தான் மீன்கொத்திப் பாதையும் வந்தது. தீவின் முதல் நெடுந்தூர சைக்கிள் பாதை. சுமார் 480 கி.மீ., எட்டு எண்ணின் வடிவில். வடக்கே ஃபெர்மனா, தெற்கே லீட்ரிம், கேவன், டோனகல், மொனகன் என ஐந்து மாவட்டங்கள் வழியாக, எல்லையைப் பல முறை கடக்கிறது. பெரும்பாலும் சிறு கிராமச் சாலைகள்தான். முன்பு பள்ளம் பறித்துக் கிடந்தவை இதுபோன்ற சாலைகளே. இன்று எல்லை எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேகப் பலகையில் மைல் போய்க் கிலோமீட்டர் வரும். ஊர்ப் பெயருக்கு மேலே ஐரிஷ் மொழியும் சேரும். சிவப்புத் தபால் பெட்டி பச்சையாகும். சில பழைய பச்சைப் பெட்டிகளில் பிரிட்டிஷ் மன்னரின் முத்திரை அப்படியே இருக்கும். மேலே வண்ணம் மட்டும் மாற்றியிருப்பார்கள்.

போக நினைப்பவர்களுக்கு

மே முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். மழைக்கோட்டு எல்லா மாதமும் வேண்டும். கீழ் எர்னை மட்டும் சுற்ற ஏறக்குறைய 90 முதல் 100 கி.மீ.; பழகியவர்களுக்கு ஒரு நாள், மற்றவர்களுக்கு இரண்டு நாள். நம்மைப் போலவே அங்கும் இடதுபக்கப் போக்குவரத்து.

விசாவில் கவனம் தேவை. எல்லையில் உங்களை யாரும் நிறுத்த மாட்டார்கள். ஆனால் சட்டப்படி இரண்டும் வெவ்வேறு நாடுகள். குறுகிய கால விசாக்கள் சிலவற்றில் "பி.ஐ.வி.எஸ்." என்ற குறிப்பு இருந்தால் அதே விசாவில் இரண்டுக்கும் போகலாம்; விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பவுண்டும் யூரோவும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

போக முடியாதவர்கள் அகலேன் பாலத்தை இணைய வரைபடத்தில் தேடிப் பாருங்கள். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத ஒரு சாதாரணப் பாலம் தெரியும். 27 ஆண்டுகள் அது இல்லாமல் இருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.