வழங்கியை ஓம்புதல்: ஒரு சிறு வரலாறு

2021 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் கல்வி நிலையங்களுக்கு ஓர் அறிவிப்பை விடுத்தது. அதுவரை வரம்பின்றி அளிக்கப்பட்டுவந்த சேமிப்பிடம் இனி ஒரு கல்வி நிலையம் முழுமைக்கும் 100 டெராபைட் என்ற அடிப்படை அளவுக்குள் அடங்க வேண்டும். ஏற்கெனவே பயன்படுத்தி வருவோருக்கு 2022 ஜூலை முதல் இது பொருந்தும் என்பது அதன் சாரம். கள ஆய்வு ஒலிப்பதிவுகளையும் சுவடிகளின் ஒளிப்படங்களையும் பல்கலைக்கழகக் கணக்குகளில் சேர்த்துவைத்த ஆய்வாளர்களுக்கு, அவை இருந்த இடம் தம்முடையதன்று என்பதை இவ்வறிவிப்பு உணர்த்தியது. தொழில்நுட்பம் பயிலாத ஒருவர் தமக்கென ஒரு வழங்கியைத் தாமே நடத்த இயலுமா என்ற வினா இங்கிருந்து எழுகிறது. அவ்வினாவுக்கு முப்பதாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

1990 இறுதியில் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ இயக்கிய முதல் வலை வழங்கி, அவர் பயன்படுத்திய நெக்ஸ்ட் கணினியே. அதை யாரும் அணைத்துவிடக் கூடாது என்று கையால் எழுதிய ஒட்டுத்தாள் ஒன்று அதன்மேல் இருந்தது. அவர் எழுதிய முதல் உலாவி, பக்கங்களைப் படிக்கவும் திருத்தவும் ஒருசேரப் பயன்பட்டது. வாசிப்பவரும் எழுதுபவரும் வழங்கியை நடத்துபவரும் ஒருவராகவே இருக்கலாம் என்பது தொடக்ககால அமைப்பு. ஆயினும் அதற்கு அறுபடாத இணைப்பும் மாறாத முகவரியும் தேவைப்பட்டன. இவை ஆய்வகங்களில் இருந்தன; வீடுகளில் இல்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது கிடைத்தது தொலைபேசி வழி இணைப்பு. அழைப்பு நீடிக்கும்வரை மட்டுமே இணைந்திருக்கும் கணினியால் பிறர் தளங்களுக்குச் செல்ல முடியும். பிறரைத் தன்னிடம் வரவேற்க முடியாது.

இந்த இடைவெளியை நிரப்ப வந்தவை இலவச இடம் தந்த நிறுவனங்கள். 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸை 1999இல் யாகூ வாங்கியது, 2009இல் மூடியது. தன்னார்வலர்கள் விரைந்து படியெடுத்தவை மட்டும் எஞ்சின. இதற்கிடையில் 2004இல் ஒரு ஜிகாபைட் இடத்துடன் ஜிமெயிலும், 2006இல் அமேசானின் எஸ்3 சேமிப்பகமும், 2008இல் டிராப்பாக்ஸும் வந்தன. ‘கிளவுட்’ என்ற சொல் பொதுவழக்கானது. வலைப்பின்னல் வரைபடங்களில், உள்ளே என்ன நிகழ்கிறது என்று அறியத் தேவையில்லாத பகுதியைப் பொறியாளர்கள் மேக வடிவில் வரைவது வழக்கம். அறியத் தேவையில்லை என்பதற்கான குறியீடே சேவையின் பெயராயிற்று.

எதிர்வினை 2010இல் இருமுனைகளிலிருந்து வந்தது. ஜனவரியில் ஜெர்மானிய நிரலாளர் ஃபிராங்க் கார்லிட்செக் ‘ஓன்கிளவுட்’ திட்டத்தை அறிவித்தார். அதிலிருந்து 2016இல் பிரிந்ததே ‘நெக்ஸ்ட்கிளவுட்’. பிப்ரவரியில் கொலம்பியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் எபென் மோக்லன் நியூயார்க்கில் ஆற்றிய உரையில், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறிய, மலிவான வழங்கி இருக்க வேண்டும் என வாதிட்டார். அதன் விளைவாக 2011இல் ‘ஃப்ரீடம்பாக்ஸ்’ அறக்கட்டளை உருவானது. 2012இல் 35 டாலர் விலையில் ராஸ்பெர்ரி பை வெளிவந்தபோது கருவியின் விலை என்ற தடை பெரும்பாலும் நீங்கியது.

தொடக்கநிலையினர் தடுமாறியது வேறிடங்களில். முதலாவது, முகவரி. 32 பிட்டுகளால் ஆன பழைய முகவரி முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. உலகப் பொதுத் தொகுப்பின் கடைசிப் பங்கு 2011 பிப்ரவரியில் பிரித்தளிக்கப்பட்டுவிட்டது. மலிவான பெட்டி வந்த காலமும் முகவரி தீர்ந்த காலமும் ஒன்றாயின. இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தியதால், வெளியிலிருந்து வரும் அழைப்பு வீட்டுப் பெட்டியை எட்டாமலே போனது. ஐபிவி6 முகவரிகளும் மறையாக்கச் சுரங்கவழி இணைப்புகளும் இதற்கு ஓரளவு தீர்வாயின. இரண்டாவது, பாதுகாப்புச் சான்றிதழ். 2015 டிசம்பரில் ‘லெட்ஸ் என்க்ரிப்ட்’ அதை இலவசமாக்கியதோடு, 90 நாள்களுக்குள் புதுப்பிக்கும் வேலையை நிரலிடமே ஒப்படைத்தது. மூன்றாவது, நிறுவுதல். 2012இல் தோன்றிய ‘யுனோஹோஸ்ட்’, கட்டளை வரிகளுக்குப் பதில் சில சொடுக்குகளை வைத்தது. நீ ஏன் வழங்கி நடத்துவதில்லை என்று கேலியாகக் கேட்கும் இணையப் பகடியிலிருந்து பிறந்தது அதன் பெயர்.

தடைகள் குறைந்த பின்னரும் எஞ்சுவது எது என்பதை ஒரு சொல் தெளிவாக்குகிறது. ஆங்கிலத்தின் ‘ஹோஸ்ட்’, விருந்தளிப்பவரையும் விருந்தினரையும் ஒருங்கே குறித்த ‘ஹோஸ்பெஸ்’ என்னும் இலத்தீன் சொல்வழி வந்தது. தமிழின் ‘ஓம்பு’ விருந்தோம்பலோடு நிற்பதில்லை. காத்தல், பேணுதல், வளர்த்தல் ஆகிய பொருள்களையும் தாங்குகிறது. நிறுவுதல் ஒரு மாலைப்பொழுதின் வேலை. ஓம்புதல் நாள்தோறும் தொடர்வது. நெக்ஸ்ட்கிளவுடின் முதன்மைப் பதிப்புகளைத் தாவிச் செல்ல முடியாது. ஈராண்டு கவனிக்காமல் விட்டவர் ஒவ்வொரு படியாக ஏறியே புதிய பதிப்பை அடைய வேண்டும். கவனக்குறைவின் விலை அதனினும் பெரிதாகலாம். 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்னும் பிணைப்பண நச்சுநிரல், இணையத்துக்கு நேரே திறந்திருந்த க்யூநாப் சேமிப்புப் பெட்டிகள் ஆயிரக்கணக்கானவற்றின் கோப்புகளைப் பூட்டியது. நிறுவனத்தின் மேகத்தைவிட்டு வந்தவரின் கோப்புகள் தாமாகவே பாதுகாப்பாகிவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

இந்த இடத்தில்தான் ‘வீட்டுக்கொரு வழங்கி’ என்ற கருத்து மறுபரிசீலனைக்கு உள்ளாகிறது. 2014இல் பெருநிறுவனச் சேவைகளுக்கு மாற்றுகளை முன்வைத்துப் பரப்புரை தொடங்கிய பிரான்சின் ‘ஃப்ராமாசாஃப்ட்’ சங்கம், எல்லாவற்றையும் தானே நடத்த முயலவில்லை. 2016இல் ‘ஷாத்தோன்’ என்ற கூட்டமைப்பு உருவாக அது வழிவகுத்தது. சிறு சங்கங்களும் கூட்டுறவுகளும் தத்தம் சுற்றத்தாருக்கு வழங்கி நடத்தும் வலையமைப்பு அது. அறிய வேண்டியதை ஒவ்வொருவர் தலையிலும் சுமத்தாமல், கேட்டால் பதில் சொல்லும் தொலைவில் இருக்கும் சிலரிடம் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடாக இதைக் கருதலாம்.

இந்தியப் பல்கலைக்கழகத் துறைகளுக்கு இவ்வரலாறு தரும் பாடம் நடைமுறை சார்ந்தது. தொடக்கநிலையினருக்கு முதலில் கற்பிக்க வேண்டியது நிறுவுதலை அன்று. காப்புப்படி எடுப்பதையும், அதைவிட முக்கியமாக, எடுத்த படியிலிருந்து கோப்பை மீட்டுக் காட்டுவதையும். மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்ற பழைய விதி போதும். இழந்தாலும் வருந்தத் தேவையில்லாத கோப்புகளோடு தொடங்கி, ஓராண்டு ஓம்பிய பின்னரே ஆய்வேட்டையும் ஒலிப்பதிவுகளையும் அங்கு மாற்றுவது தகும். ஆய்வாளர் பட்டம் பெற்றுச் சென்ற பிறகு அப்பெட்டியைப் புதுப்பிப்பவர் யார் என்பதைத் தொடங்கும் நாளிலேயே துறை எழுதிவைக்க வேண்டும். பேசுவோர் குறைந்துவரும் ஒரு மொழியின் ஒலிப்பதிவை மீண்டும் எடுக்க வாய்ப்பில்லாமல் போகலாம். அதை ஓம்புவோரின் பெயர் அந்தப் பதிவேட்டில் வெற்றிடமாக இருக்கக் கூடாது.