மேலே வெள்ளை, கீழே கறுப்பு

மலேசியாவின் பகாங் மாநிலக் கொடியில் பிறையில்லை, புலியில்லை. சரிபாதியாக இரண்டே பட்டைகள். மேலுள்ள வெள்ளை சுல்தானைக் குறிக்கிறது, கீழுள்ள கறுப்பு மக்களை. இதை வாங்குகிறவர் கயிறு கோக்கும் ஓரத்தில் மேல்முனை எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தலைகீழாய்க் கட்டினால் பொருளே புரண்டுவிடும்!

1903 டிசம்பர் 28 முதல் இந்தக் கொடி வழக்கில் உள்ளது. 1929இல் ஜே.ஏ.ரசல் பகாங்கின் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அங்கே பாடுபட்ட தமிழ்த் தொழிலாளர்களும், இன்று அந்த மலையில் வாழும் அவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தக் கறுப்புப் பாதிக்கு முழு உரிமை உள்ளவர்கள்.

இந்தக் கொடிக்கு முன்பே, 1895இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் கூட்டரசாயின. அதன் கொடியில் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு பட்டைகள். நடுவே பாயும் புலி. 1946இல் அந்தக் கூட்டரசு கலைந்தது. பகாங் தன் இரண்டு நிறங்களையும் விடவில்லை.