தொடர் நூலும் தனி நாவலும்

கதை கேட்கும் ஆசை மனிதனோடு உடன்பிறந்தது. பாட்டி கதையை முடித்ததும் "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்கும் குழந்தையை நாம் எல்லாரும் அறிவோம். அந்தக் கேள்வியிலிருந்தே தொடர் நூல் பிறந்தது எனலாம். கதை முடிந்தபின் ஒன்றுங் கேளாது நெடுநேரம் மௌனமாயிருக்கும் குழந்தையும் உண்டு. தனி நாவல் தேடும் வாசகன் அவனே. ஒரே மாந்தரோ ஒரே வரலாறோ நூலுக்கு நூல் நீண்டு செல்லும் வரிசையைத் தொடர் நூல் என்றும், தன்னளவில் தொடங்கித் தன்னளவில் நிறைவெய்தும் நூலைத் தனி நாவல் என்றும் இங்கு கொள்வோம். இவ்விரண்டும் தமிழில் வளர்ந்த வரலாற்றையும், நமது கிழக்குக் கரையில் அவை பெற்ற இடத்தையும் சிறிது ஆராய்வோம்.

தொடர் நூல் மேனாட்டார் தந்த புதுச் சரக்கு என்று கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்தாது. சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கும் மாதவிக்கும் மகளாய்ப் பிறந்தவள், மணிமேகலையில் காப்பியத் தலைவியானாள். இளங்கோவடிகள் நிறுத்திய இடத்திலிருந்து சாத்தனார் கதையை நடத்திச் சென்றார். அவ்விரண்டையும் இரட்டைக் காப்பியங்கள் என்றே தமிழுலகம் போற்றுகின்றது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் நபிகள் நாயகத்தின் வரலாற்றை முற்றும் பாடாது நின்றபோது, பனீ அகமது மரைக்காயர் 18ஆம் நூற்றாண்டிலே சின்னச் சீறாவைப் பாடி அக்குறையைத் தீர்த்தார். ஒருவர் விட்ட இழையை இன்னொருவர் எடுத்து நெய்வது நம்மவர்க்குப் பழகிய கலையே.

நமது கரையில் கதை வாசிக்கப்பட்டதிலும் மிகுதியாகக் கேட்கப்பட்டது. பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் ஆலயத்தில் 18 நாள் விழாவிலே பாரதக் கதை படிப்படியாக நடந்தேறும். வனவாசமும் அருச்சுனன் தவநிலையும் கண்டு, தீமிதிப்புடன் அது நிறைவுறும். வைகாசியில் கண்ணகி அம்மன் ஆலயங்களிற் கதவு திறந்து வழக்குரை பாடத் தொடங்கினால், குளிர்த்தி பாடும்வரை அக்கதை ஓயாது. முஸ்லிம் ஊர்களிலோ சீறாப்புராணத்தை இராகத்தோடு படித்துப் பொருள் சொல்லும் வழக்கம் இருந்தது. இக்கதைகளின் முடிவை அறியாதார் அக்கூட்டங்களில் ஒருவரும் இரார். ஆயினும் ஆண்டுதோறும் மக்கள் கூடினர். "முடிவு என்னவோ" என்னும் ஆவல் ஒன்றே தொடர்ச்சியின் கவர்ச்சியென்றால் அவர்கள் மறுமுறை வந்திருக்கமாட்டார்கள். பழகிய மாந்தரை மீண்டும் காணும் மகிழ்ச்சியும், அதனை ஊராரோடு சேர்ந்து காணும் மகிழ்ச்சியுமே அக்கவர்ச்சியின் ஆணிவேர்.

அச்சு யுகம் வந்தபோது தமிழ் நாவல் தனி நூலாகவே பிறந்தது. 1879இல் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. ஆறு ஆண்டுகளின் பின், 1885இல், 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்திய கண்டி அறிஞர் சித்திலெவ்வை, அசன்பேயுடைய கதையை வெளியிட்டார். ஈழத்தவரின் முதல் தமிழ் நாவல் ஒரு முஸ்லிம் அறிஞரின் கொடை என்பது நாம் அனைவரும் பெருமைப்படத்தக்கது. 1895இல் திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி வந்தது. ஆனால் அசன்பேயின் கதை எகிப்திலும் இந்தியாவிலும் நிகழ்வது. மோகனாங்கி நாயக்கர் காலத்துத் தமிழகத்தைப் பேசுவது. எழுதிய கை ஈழத்தது. எழுதப்பட்ட மண் வேறு.

தொடர் நூலுக்கு ஊட்டமளித்தவை சஞ்சிகைகளும் துப்பறியும் கதைகளுமே. ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் 'விவேக சிந்தாமணி'யில் 1893 முதல் மாதந்தோறும் வந்தது. அது தவணையாய் வந்த தனி நாவல். அதன்பின் ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும், பின்னாளில் தமிழ்வாணனின் சங்கர்லாலும் நூலுக்கு நூல் திரும்பி வந்தனர். குற்றவாளி மாறுவான், ஊர் மாறும், துப்பறிபவர் மாறார். வாசகன் புதிய நூலைத் திறக்கும்போதே பழைய நண்பரைச் சந்திக்கிறான். இது தொடரின் பலம், பலவீனமும் இதுவே. அவரைச் சாகவிடவும் முடியாது, பெரிதும் மாற்றவும் முடியாது. ஷெர்லொக் ஹோம்ஸ் மீது சலிப்புற்ற கொனன் டொயில் 1893இல் அவரைக் கதையிலே கொன்றுவிட்டார். வாசகர் விடவில்லை. 1903இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பினார். தொடரில் எழுத்தாளன் வாசகனுக்குக் கடன்பட்டவன்.

தொடர் நூலைப் பெருங்கலையாக்கிய பெருமை கல்கிக்குரியது. 1940களில் அவர் பார்த்திபன் கனவை முதலில் எழுதி, அதற்கு முந்திய காலத்துக் கதையான சிவகாமியின் சபதத்தைப் பின்னர் எழுதினார். 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் வாரந்தோறும் வெளிவந்து ஐந்து பாகங்களாக நிறைந்தது. அதன் இரண்டாம் பாகத்தில் வந்தியத்தேவன் ஈழத்துக்கு வந்தபோது இங்குள்ள வாசகரின் ஆவல் இருமடங்காயிற்று என்றால் அதில் வியப்பென்ன? முடிந்த பின்னும் வாசகர் "பிறகு?" என்றனர். மாந்தர் பின்னாளில் என்ன ஆயினர் என்பதைக் கல்கி முடிவுரையில் விளக்க நேர்ந்தது. விக்கிரமன் நந்திபுரத்து நாயகியை எழுதி அக்கதையை மேலும் வளர்த்தார். சஞ்சிகையிலிருந்து பக்கங்களைக் கழற்றித் தைத்துக் கட்டிய தொடர்கள் கைமாறிக் கைமாறி ஊரெங்கும் உலாவின. வாசிகசாலைக்கு வந்த ஓர் இதழுக்காகப் பலர் காத்திருந்தனர். காத்திருந்த நேரத்திற் பேசினர். அந்தப் பேச்சிலே முன்பின் அறியாதவரும் நண்பராயினர்.

ஆனால் அத்தொடர்களிற் பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவை. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும், அந்த வரத்துக் குறைந்தது. அவ்வேளையில் வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை வரிசையாக வெளியிட்டது. பாலமனோகரனின் நிலக்கிளி 1973இல் அவ்வாறு வந்ததே. வெளியீடு வரிசையாய் வந்தது. ஒவ்வொரு நூலும் தனித்து நின்றது. இதற்குக் காரணம் உண்டு. நீண்ட தொடருக்கு வாரந்தவறாத சஞ்சிகையும், பெருந்தொகை வாசகரும், எழுத்தையே நம்பி வாழும் எழுத்தாளரும் வேண்டும். ஈழத்து எழுத்தாளரிற் பெரும்பாலானோர் வேறு தொழில் பார்த்துக்கொண்டு எழுதியவர்; சிறு தொகைப் பிரதிகளையே அச்சிட்டவர். ஆகவே தனி நாவல் அவர்களுக்கு முதலில் நிர்ப்பந்தமாக வந்து, பின்னர் வலிமையாக மாறியது.

அந்த வலிமையை நமது கரையிலேயே காணலாம். அக்கரைப்பற்றைச் சேர்ந்த விமல் குழந்தைவேல் 2004இல் வெளியான வெள்ளாவியில் சலவைத் தொழிலாளர் வாழ்வை இம்மண்ணின் பேச்சிலேயே எழுதினார். 2011இல் வந்த அவரது கசகறணம், ஒரே சந்தையிற் கூடி வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் வன்செயலால் பிரிக்கப்பட்ட துயரைச் சொல்கிறது. கல்முனை உமா வரதராஜனின் மூன்றாம் சிலுவை 2009இல் வெளிவந்து ஆண் பெண் உறவின் கசப்பை ஒளியாது பேசிற்று. இத்தகைய கதைகளை வாரந்தோறும் வாசகரை மகிழ்விக்கும் கடமையோடு எழுதியிருக்க முடியுமா? தனி நாவலாசிரியன் அடுத்த பாகத்துக்கு எவரையும் காப்பாற்றி வைக்க வேண்டியதில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லி நிறுத்திவிடுவான். எஞ்சியதை வாசகன் மனச்சாட்சி தொடரும்.

தொடர் நூல் மனிதரை ஒருவரோடொருவர் பேசவைத்தது. தனி நாவல் மனிதனைத் தன்னோடு பேசவைக்கிறது. இரண்டும் நமக்கு வேண்டும். போரையும், 2004 டிசம்பர் 26இல் மருதமுனை முதல் காரைதீவுக்கு அப்பாலும் ஊர்களைச் சிதைத்த ஆழிப்பேரலையையும் கண்ட இக்கரையின் வரலாறு ஒரு நூலில் அடங்குவதன்று. அதனைத் தலைமுறை தலைமுறையாக, தமிழ் வீட்டையும் முஸ்லிம் வீட்டையும் அயலயலாக வைத்துச் சொல்லும் ஒரு பெருந்தொடர் எழுதப்படவேண்டும்.

வாலிப நண்பர்களே! அத்தொடர் எழுதப்படும்வரை நாம் வாளாவிருக்கவேண்டுவதில்லை. நமது கரையில் எழுந்த தனி நாவல்களைத் தேடி வாசிகசாலையில் ஒரே தட்டில் ஆண்டு வரிசைப்படி அடுக்குவோம். வாரத்துக்கு ஓரிரவு ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்போம். பக்கத்து ஊர் முஸ்லிம் நண்பர்களையும் அழைப்போம். ஒவ்வொரு நூலும் முடிந்ததும் யாராவது ஒருவர் "பிறகு?" என்று கேட்பார். அக்கேள்விக்கு விடையெழுதப் போகிறவர் அன்று அங்கே அமர்ந்திருக்கவுங்கூடும்.