முக்கோண வெட்டும் நீரின் கணக்கும்

நெல்லை மரக்காலால் அளக்கலாம். பொன்னைத் தராசில் நிறுக்கலாம். ஓடிக்கொண்டேயிருக்கும் வாய்க்கால் நீரை எதனால் அளப்பது? இவ்வினாவுக்குக் கிடைத்த விடை மிக எளியது. வாய்க்காலின் குறுக்கே ஒரு பலகையை நிறுத்தி, அதன் மேல்விளிம்பில் ஒரு வெட்டு அமைத்து, நீர் முழுவதையும் அதன் வழியே விழச் செய்வது. வெட்டின் அடிக்கு மேல் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அவ்வுயரமே பாயும் அளவைச் சொல்லிவிடும். நம் ஏரிகளின் கலிங்கும் நீர் வழிந்தோடும் சுவர்தான். ஆயின் அதன் பணி கரையைக் காப்பது. இப்பலகையின் பணியோ கணக்குச் சொல்வது.

இதற்கான கணிதத்தை இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜியோவன்னி பொலேனி 1717-இல் வெளியிட்டார். ஆயினும் ஏட்டுக் கணக்கு நடைமுறைக்கு வரச் சோதனைகள் தேவைப்பட்டன. அதற்கான நெருக்கடி அமெரிக்காவின் லோவெல் நகரில் எழுந்தது. மெரிமாக் ஆற்று நீரைக் கால்வாய்களில் திருப்பி, அந்த விசையால் பருத்தி ஆலைகளை ஓட்டிய நகரம் அது. ஒவ்வோர் ஆலைக்கும் இவ்வளவு நீர் என்று ஒப்பந்தம் உண்டு. ஒருவர் கூடுதலாக எடுத்தால் மற்றவருக்குக் குறையும். கால்வாய் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பிரான்சிஸ், பெரிய அளவில் சோதனைகள் செய்து, செவ்வக வெட்டுக்கான சூத்திரத்தை 1855-இல் நூலாக வெளியிட்டார். வெட்டின் ஓரங்களில் நீர் உள்ளொடுங்குவதைக்கூட அவர் கணக்கிலிருந்து கழித்தார்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அதே நகரின் ஆலைப் பெண்கள் நாளொன்றுக்குப் பத்து மணி நேர வேலை கேட்டு 1845-இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்திற்கு விண்ணப்பித்தனர், அது ஏற்கப்படவில்லை. பெண்களுக்கான பத்து மணி நேரச் சட்டம் அங்கு வர 1874 ஆயிற்று. நீரை இவ்வளவு நுட்பமாக அளந்த ஊர், உழைப்பை அளக்க அவசரப்படவில்லை.

செவ்வக வெட்டுக்கு ஒரு குறை உண்டு. சிறிதளவு நீர் வரும்போது அது அகன்ற விளிம்பில் மெல்லிய ஏடாகப் படர்ந்து, பலகையை ஒட்டி வழியும், கணக்குப் பிழைக்கும். இதைத் தீர்த்தவர் பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஜேம்ஸ் தாம்சன். இயற்பியலறிஞர் கெல்வின் பிரபுவின் அண்ணன் இவர். வெட்டை முக்கோணமாக்கினால், நீர் குறைந்தாலும் மிகுந்தாலும் அதன் வடிவம் மாறாது, அளவு மட்டுமே மாறும் என்பது அவர் கண்ட உண்மை. எனவே ஒரே சூத்திரம் எல்லா உயரத்திற்கும் பொருந்தும். தம் சோதனை முடிவுகளை 1861-இல் பிரித்தானிய அறிவியல் கழகத்தில் அவர் அளித்தார்.

செங்கோண வெட்டில் நீர் 5 செ.மீ. நின்றால் நொடிக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர், 10 செ.மீ. நின்றால் நான்கரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு, 20 செ.மீ. எனில் ஏறத்தாழ 25 லிட்டர். உயரம் இரட்டித்தால் நீர் ஐந்தரை மடங்குக்கும் மேலாகிறது. ஆகவே சிறு மாற்றமும் அளவுகோலில் தெரிந்துவிடும். ஆனால் உயரத்தை வெட்டின் வாயருகே பார்க்கலாகாது. அங்கே நீர்மட்டம் சரிந்திருக்கும். சற்று மேலே, நீர் அமைதியாக வருமிடத்தில் பார்க்க வேண்டும். விளிம்பு மழுங்கினாலோ பாசி படிந்தாலோ கணக்குத் தவறும்.

இன்றும் அணைகளின் உட்சுரங்க நடைகளில் கசியும் நீரை இம்முக்கோண வெட்டே அளக்கிறது. பொறியாளர்கள் இதனை 'வி நாட்ச்' என்பர். முல்லைப் பெரியாறு அணை பற்றிய செய்திகளில் கசிவுநீர் நிமிடத்திற்கு இத்தனை லிட்டர் என்று வரும் வரியை நாம் படித்திருக்கிறோம். 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், இரு மாநில அதிகாரிகளும் இடம்பெற்ற குழுக்கள் அணையைப் பார்வையிட்டபோது கசிவுநீரின் அளவும் ஆராயப்பட்டது. அணை வலுவானது என்பாரும் அஞ்சுவாரும் தத்தம் மொழியில் எவ்வளவோ பேசலாம். ஆனால் இருவரும் ஒரே அளவுகோலைக் குனிந்து பார்த்து ஒரே எண்ணை எழுதிக்கொள்ள முடிகிறது. வழக்கு அதனால் தீர்ந்துவிடாது. எனினும் பேச்சு தொடங்குவதற்கு இருவரும் ஒப்பும் ஓர் எண்ணாவது வேண்டுமல்லவா?